பதினெட்டு ஹெட்போன், காரணம் கேக்கக் கூடாது

அலோ… அலோ… மனுஷியா, மெஷினா? … இல்ல, முதல்ல அதைச் சொல்லு. ஒண்ணை அமுக்கச் சொன்னீங்க, அமுக்கினேன். மூணை அமுக்கச் சொன்னீங்க, அமுக்கினேன். அப்புறம் நாலு நிமிஷம் பாட்டுப் போட்டு உக்கார வெச்சுட்டீங்க… ஆங். மனுஷிதானா. நல்லது. உயிரோட ஒருத்தி கிடைச்சா.

… இந்தா, செல்லம்னு கூப்பிடாத. … வாங்குற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடணும்னு உங்க கம்பெனியில சட்டமா? எனக்கு அறுபத்தொண்ணு. என் புருஷன் கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தா என்ன தப்பு பண்ணிட்டு வந்து நிக்கிறீங்கன்னு கேட்டிருப்பேன்.

… யிபின். ஆமா, சிச்சுவான்ல இருக்கிற யிபின்தான். பேரு லுவோ. ஹெட்போன் பதினெட்டு, எல்லாம் ஒரே மாதிரி, கறுப்பு. … ஆமா, ஆமா. அதேதான். எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கோ.

… ஏன்னு கேக்கிறியா? ஏன்னு நீ கேக்கக் கூடாது. ஏழு நாளைக்குள்ள காரணம் கேக்காமத் திருப்பி எடுத்துக்குவோம்னு நீங்கதானே பெரிசாப் போட்டிருக்கீங்க. போன வெள்ளிக்கிழமை வந்துச்சு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. இன்னையோட முடியுது. அதனால காரணம் சொல்ல மாட்டேன். … சரி. … சரி, சரி. … ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இந்த மாதிரி ஒரு கெட்ட சாமானை நான் என் ஆயுசுல வாங்கினதில்லை.

… எப்படிக் கெட்டுப்போச்சுன்னா… பாத்தியா, இப்ப காரணம் கேக்கிறே.

… சரி, நானே சொல்றேன். நாங்க குழுவா டான்ஸ் ஆடுறவங்க. தினமும் காலையில ஏழரைக்கு, எங்க குடியிருப்புக்கு முன்னாடி இருக்கிற மைதானத்துல. நான் முன்னாடி, பதினேழு பொம்பளைங்க பின்னாடி. பதினோரு வருஷமா. … ஓ, உங்க அம்மாவும் ஆடுறாங்களா? … அப்ப உனக்குத் தெரியும். சக்கரம் வெச்ச ஸ்பீக்கர் பெட்டி இருக்கும்ல, அதை நான்தான் இழுத்துட்டு வருவேன். இடுப்புல ஒரு மைக் கட்டிக்குவேன். பாட்டு ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் ஒண்ணு ரெண்டு மூணு நாலு, அடுத்த சுத்துக்கு ரெண்டு ரெண்டு மூணு நாலு, அதுக்கடுத்ததுக்கு மூணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுவேன். லுவோ எண்ணுறது ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்குதுன்னு ஊரே சொல்லும். பெருமையாச் சொல்றாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன்.

அது புகாராம்.

… ஆமா. மூணாம் பிளாக்ல ஒரு பையன் காலேஜ் பரீட்சைக்குப் படிக்கிறான். ஆறாம் மாடியில ஒரு நர்ஸு, ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து காலையிலதான் தூங்குறா. அது நியாயம், நான் ஒத்துக்கிறேன். ஆனா நாலாம் மாடிக்காரன் இருக்கானே, அவன் மீன் தொட்டித் தண்ணியை எங்க தலையில ஊத்தினான். மீனோட. … இல்ல, சின்ன மீன்தான். சாகலை. பெங்னு ஒருத்தி, என் எதிர்வீட்டுக்காரி, என் பின்னாடி முதல் வரிசையில ஆடுறவ, அவதான் அதைப் பொறுக்கி எடுத்துட்டுப் போயி இன்னும் வளக்கிறா.

அதுக்கப்புறம் எங்க குடியிருப்புக் கமிட்டி கூட்டம் போட்டாங்க. ஸ்பீக்கர் கூடாது, மைக் கூடாது, கத்தவும் கூடாது. எல்லாரும் ஹெட்போன் மாட்டிட்டு சத்தம் போடாம ஆடுங்க, ஒரு வாரம் பாக்கிறோம்னாங்க. நாளைக்குச் சனிக்கிழமை காலையில ஏழரைக்கு மொத்தக் கமிட்டியும் வந்து பாக்கப்போகுது. பதினெட்டு பேரும் ஒழுங்கா ஒண்ணா ஆடினா இடம் எங்களுக்கு. இல்லேன்னா அங்க எலக்ட்ரிக் வண்டிக்கு சார்ஜ் போடுற ஷெட் வரும். வரைபடமே போட்டு ஒட்டிட்டாங்க. நான் நிக்கிற இடத்துல பத்தாம் நம்பர் பிளக்.

… சிரிக்கிறியா? … இருமலா? சரி, இருமலாவே இருக்கட்டும்.

அதுக்குத்தான் உங்க கடையில வாங்கினேன். போன்ல எழுதிக் கேட்டப்ப பதில் எழுத உங்க ஆளு நாலாம் நம்பர்னு ஒருத்தன் வந்தான். … நீ எத்தனாவது நம்பர்? … ஒன்பதா? உங்க அப்பா அம்மா நம்பரா பேரு வெச்சாங்க? … வெய்லின். ம், இது பேரு. வெய்லின், அந்த நாலாம் நம்பர் என்ன கேட்டான் தெரியுமா? நீங்க என்ன மாதிரி பாட்டு கேப்பீங்கன்னு கேட்டான். எல்லாரும் ஒரே பாட்டுத்தான், குதிக்கிற பாட்டுன்னு எழுதினேன். அப்ப இதுதான் சரி, குறைஞ்ச விலையில தும் தும்னு நல்லா வரும்னான். ஒண்ணு அறுபத்தொன்பது யுவான். இதைவிட மலிவா இருந்துச்சு, அதைப் போட்டுக்கிட்டு ஒரு சுத்து சுத்தினா காதை விட்டுப் பறந்துரும்னான். இதைவிட உசத்தியா வாங்கியிருந்தா இவளுக என் தோலை உரிச்சிருப்பாளுக.

… தும் தும்னு வந்துச்சு. ஏன் வராது? மண்டைக்குள்ள யாரோ மிளகாய் இடிக்கிற மாதிரி வந்துச்சு. ஜியாங்குனு ஒருத்தி, அவ சுருட்டி வெச்ச முடியை இந்தப் பட்டை நசுக்கிடுச்சுன்னு ரெண்டு நாள் என்கூடப் பேசலை. அதுகூடப் பரவாயில்லை. முதல் ரெண்டு நாள் நல்லாத்தான் ஆடினோம். ரோட்டுல போனவனெல்லாம் நின்னு பாத்தான். சத்தமே இல்லாம பதினெட்டு பொம்பளைங்க கையைக் காலை ஆட்டினா, பேய் பிடிச்சிருக்குன்னு நினைச்சிருப்பான். மூணாம் நாள்ல இருந்துதான் உன் சாமான் வேலையைக் காட்ட ஆரம்பிச்சுது.

… எனக்கு எப்படித் தெரியும்? நான் முன்னாடி நிக்கிறவ. முதுகுல கண்ணா இருக்கு? மைதானம் பெருக்குறவர் நேத்து வந்து, உங்க பின்னாடி பதினேழு பேரும் பதினேழு ஆட்டம் ஆடுறாங்கம்மான்னாரு. அவருக்கு வெயில் ஏறிடுச்சுன்னு நினைச்சேன். இன்னைக்கு மெதுவா நகந்து வந்து இந்த பெஞ்சுல உக்காந்தேன். உனக்குப் போன் போட்டதே இங்க இருந்துதான். பாத்துட்டேதான் பேசுறேன். … ஆமா, இப்ப, இந்த நிமிஷம். ஒருத்தி விசிறியை விரிக்கிறா, பக்கத்துல இருக்கிறவ மூடுறா. ஹுவாங்குக்கு அறுபத்தெட்டு வயசு, அவ தலையை ஆட்டுறதைப் பாத்தா கழுத்து கழண்டு விழுந்துரும் போல இருக்கு. ரென் ஆடவே இல்லை, நடுவுல நின்னு தலையை மட்டும் ஆட்டிட்டிருக்கா. நாளைக்குக் கமிட்டி இதைப் பாத்தா பிளக் பாயிண்டை அன்னைக்கே வெச்சுருவாங்க.

நான் விலகி வந்து கால்மணி நேரம் ஆச்சு, வெய்லின். ஒருத்தி கூட என்னைத் தேடலை.

… லைட்டா? இருக்கு, வலது காதுப் பக்கம் பொட்டு மாதிரி. என்ன கலரா? இரு, கண்ணாடி போட்டுக்கிறேன். … நீலம். … நீலம். ஜியாங் நீலம். ஹுவாங் நீலம். எல்லாம் நீலம்தான். … பெங்கும் நீலம். … என்னோடதா? கழட்டிப் பாக்கிறேன், இரு. … சிவப்பு. என்னோடது மட்டும் சிவப்பு. அப்ப என்னோடதுதான் ரிப்பேரா?

… என்னது? மறுபடி சொல்லு. … சிவப்புன்னா என் இடுப்புல இருக்கிற சின்னப் பெட்டியில இருந்து போற பாட்டு. சரி. … நீலம்னா அவங்கவங்க போன்ல இருந்து வர்ற பாட்டு. … அது தானா மாறிக்குமா? … மாறாதா? … யாராவது அமுக்கினாத்தான் மாறுமா? … மூணு செகண்ட் அமுக்கிப் பிடிக்கணுமா?

…

இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன்.

மூணு செகண்டுங்கிறது கை தவறிப் படுற நேரம் இல்ல, இல்லையா?

… இல்லை, போனை வெக்காத. என்கூடவே வா. நான் இப்ப எந்திரிச்சு அவளுக நடுவுல போறேன். நீதானே இந்தக் கருமத்தை வித்தே, நீயும் கேளு. … ஏய் ரென், குனி. குனிடி, உன் ஹெட்போனை ஒரு நிமிஷம் குடு. … வெய்லின், இது பாட்டே இல்லை. ஒருத்தன் பங்குச் சந்தை பத்திப் பேசிட்டிருக்கான். ஓ, அதான் ஆடாம தலையை மட்டும் ஆட்டிட்டிருந்தாளா. … இவளுக்கு இவ்ளோ பெரிசு தேவையே இல்லையா? … ஒரு காதுல மாட்டுறது போதுமா, பேச்சு மட்டும் கேக்கிறவங்களுக்கு? … இதுல பாதி விலையா? நாலாம் நம்பர் ஏன் சொல்லலை? … ஆமா, நான்தான் எல்லாரும் ஒரே பாட்டுன்னு எழுதினேன். சரி. ஞாபகம் இருக்கு. திருப்பித் திருப்பிச் சொல்லாத.

ஹுவாங் அக்கா, நீங்க குடுங்க. … அய்யோ. … வெய்லின், கேக்குதா? போனை அதுக்குள்ள வெக்கிறேன். … தகரக் கடையில சண்டை நடக்குது. … என்ன பேரு சொன்னே? ராக் மியூசிக்கா? … பேரன் போட்டுக் குடுத்தானாம். பேரனுக்கு இப்ப அது சலிச்சுப்போச்சாம், இவங்களால விட முடியலையாம். … அப்படியா? அக்கா, கடைக்காரப் பொண்ணு சொல்றா, உங்க பாட்டுக்கு இந்த ஹெட்போன் அளவெடுத்து தெச்ச மாதிரியாம். … அவங்களுக்கு ஒரே சந்தோஷம், வெய்லின். பல்லு செட்டு வரைக்கும் தெரியுது.

அந்தா கடைசி வரிசையில நாத்தனார் ரெண்டு பேரு… இரு, இதைக் கேளு. இவ அவளுக்குப் போன் பண்ணியிருக்கா. அவ இவகிட்டப் பேசிட்டிருக்கா. பக்கத்துல பக்கத்துல நின்னு ஆடிட்டே, போன்ல. … யாரைப் பத்தியா? நான் போனதும் நிறுத்திட்டாளுக. அப்ப யாரைப் பத்தின்னு நீயே யோசிச்சுக்கோ.

ஜியாங், உன் முடியைத் தொடலை, எடுத்துக் குடு. … ஓ. நாடகப் பாட்டு. நம்ம சிச்சுவான் நாடகந்தான், கீச்சுன்னு இழுத்து, நடுவுல தாளம் அடிக்கிறது. … என்ன சொல்றே? இதுல போட்டா இழுக்கிற குரல் அமுங்கிப்போயிடுமா? … தும் தும் குறைச்சலா, குரல் தெளிவா வர்றதா எடுத்துக்கணுமா. … அது நாப்பத்தஞ்சா? ஜியாங், உனக்கு இது சரியில்லையாம். குரல் எடுப்பா கேக்கிறதுக்கு வேற இருக்காம், விலையும் கம்மி, பட்டை கழுத்துக்குப் பின்னாடி போகுமாம், முடி நசுங்காதாம்… வெய்லின், ஒரு வாரம் கழிச்சு இப்பதான் என்னைப் பாத்துச் சிரிக்கிறா.

… என்னடி சொன்னே? … இல்ல வெய்லின், நீ இரு, ஜியாங் என்னமோ சொல்றா. … பதினோரு வருஷமா அதே பதினாலு பாட்டா? … யாருக்குமே பிடிக்காதா? … யாருக்குமேவா? பதினோரு வருஷமா வாயைத் திறக்கலையே, ஏண்டி? … நான் ஆசையாப் பொறுக்கி வெச்ச பாட்டுன்னு நினைச்சீங்களா?

… வெய்லின், சிரிப்பா வருது எனக்கு. அந்தப் பாட்டெல்லாம் நான் பொறுக்கினதே இல்ல. ஸ்பீக்கர் பெட்டி வாங்கினப்ப உள்ள ஒரு மெமரி கார்டு இருந்துச்சு. அதுல இருந்ததுதான் அந்தப் பதினாலும். கார்டுல பாட்டை எப்படி மாத்துறதுன்னு எனக்குத் தெரியாது, அதே கார்டைக் கழட்டித்தான் இந்தச் சின்னப் பெட்டியிலயும் செருகியிருக்கேன். யாருகிட்டயும் கேக்கவும் வெக்கம். இவளுகளுக்குப் பிடிச்சிருக்குன்னு நான் விட்டுட்டேன், எனக்குப் பிடிச்சிருக்குன்னு இவளுக ஆடினாளுக. மூணாவது பாட்டு ஒண்ணு இருக்கு, ஒரு ஆளு குதிரையைப் பத்தி அழுவான். அது ஆரம்பிச்சாலே எனக்குக் காதைப் பொத்திக்கணும் போல இருக்கும். பதினோரு வருஷமா நாலாயிரம் தடவையாவது அந்தக் குதிரைக்கு ஆடியிருப்பேன்.

… ஆமா, சிரி. இது இருமல் இல்லைன்னு எனக்குத் தெரியும்.

…

ஆனா கேளு. நான் திரும்ப பெஞ்சுக்கு வந்துட்டேன். அவளுக அங்கயே நின்னு ஆளுக்காளு பேசிட்டிருக்காளுக. எனக்கு மனசு வலிக்குதும்மா. பாட்டுக்காக இல்லை. பாட்டு போகட்டும், எனக்கே பிடிக்காது. நான் முன்னாடி நின்னேன். பின்னாடி பதினேழு பேரும் என்னைப் பாத்து ஆடுறாளுகன்னு நினைச்சுட்டு நின்னேன். அப்படி இல்லை. மூணு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா நான் போயிடுறேன். பிளக் பாயிண்ட் அதே இடத்துல நின்னா கூட இவளுக பாட்டுக்கு ஆடிட்டிருப்பாளுக. அதுலயாவது வண்டி சார்ஜ் ஆகும்.

… இல்ல, வேண்டாம். பதினெட்டையும் எடுத்துக்கோ. நாளைக்கு நான் வரலை. கமிட்டிகிட்ட சொல்லிடுறேன், ஷெட்டே கட்டிக்கங்கன்னு.

… யாரு? … பெங்கா? அவளோடதை நான் கேட்டுப் பாக்கலை. … ஏன்னா கேக்க மாட்டேன். … வேண்டாம் வெய்லின். மத்தவ எவ என்ன கேட்டாலும் தாங்கிக்குவேன். அவ எதிர்வீடு. முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தவ. எனக்குக் குழம்புல உப்பு குறைஞ்சா அவ வீட்டுக் கதவைத்தான் தட்டுவேன். அவளுக்குத் தாளமே கிடையாது, தெரியுமா? பாட்டு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியாது. அவளைச் சேத்துக்காதேன்னு இவளுக எல்லாரும் சொன்னாளுக. நான்தான் முதல் வரிசையில நிக்க வெச்சேன். அவளும் நீலம்.

… கேட்டுப் பாக்காம எப்படித் தெரியும்னா… உனக்கு எத்தனை வயசு? … இருபத்தாறா. எங்க இருந்து வருது இந்த வாயி.

… சரி. … சரின்னு சொன்னேன்ல. வர்றா, அவளே வர்றா. பெங், இங்க வா. அதைக் கழட்டு. … ஏன் தயங்குறே? பின்னாடி வேற நகந்து போறா, வெய்லின். குடுடி. கடைக்காரப் பொண்ணு கேக்கிறா, எனக்கு ஒண்ணும் இல்லை.

…

… வெய்லின்.

… இரு. … பொறு, நான் முழுசாக் கேட்டுட்டுச் சொல்றேன்.

இது நான்.

… நான்தான். என் குரல். ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணிட்டிருக்கேன். போன குளிர்காலத்துல கால்ல கட்டு போட்டு மூணு வாரம் வீட்ல கிடந்தேன். அப்ப இவளுக பழகட்டும்னு போன்ல பேசிப் பேசி குரலா அனுப்புவேன், ஒண்ணொண்ணும் அறுபது செகண்ட், அதுக்கு மேல அது வாங்காது. இவ அதையெல்லாம் அழிக்காம வெச்சு, வரிசையா அடுக்கி, காதுல போட்டுட்டு ஆடுறா. … நடுவுல இருமுறேன். அடுப்பை அணைன்னு என் புருஷனைத் திட்டுறேன். இப்ப, பெங், வலது கை, அது வலது கை இல்லைன்னு கத்துறேன். என் குரல் இவ்ளோ கரகரன்னா இருக்கு? இதைக் கேட்டுட்டா இந்த ஊரு பதினோரு வருஷம் சும்மா இருந்துச்சு?

… ஏண்டி பெங், என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? … வெய்லின், இவ சொல்றா, ஹெட்போன் வந்ததுல இருந்து நான் எண்ணுறதை நிறுத்திட்டேனாம். பாட்டு மட்டும் வந்தா இவளுக்கு ஒண்ணும் புரியலையாம். கத்தக் கூடாதுன்னு கமிட்டி சொன்னதால என்கிட்டக் கேக்க மனசு வரலையாம்… சீ, அழல. வேர்வை. ரெண்டு பேருக்கும் வேர்வை. காலையில எட்டரை மணிக்கு யிபின்ல எப்படி வேர்க்கும்னு உனக்குத் தெரியாது.

… ம். … ம், சொல்லு. … எந்தப் பெட்டி? பாட்டு அனுப்புற சின்னப் பெட்டியா? இடுப்புலதான் மாட்டியிருக்கேன். … பக்கவாட்டுல ஒரு ஓட்டை, பக்கத்துல ஒரு பொத்தான். இருக்கு. … அது மைக்கா? நான் அதை ஸ்க்ரூ ஓட்டைன்னுல்ல நினைச்சேன். … அதை அமுக்கிட்டுப் பேசினா சிவப்பு எல்லாத்துக்கும் என் குரல் போகுமா? … மெதுவாப் பேசினாலுமா? … கிசுகிசுன்னு பேசினாலுமா? ஏம்மா, இதைப் பெட்டி மேல பெரிசாப் போட்டிருக்கக் கூடாதா? காரணம் கேக்க மாட்டோம்கிறதை மட்டும் அவ்ளோ பெரிசாப் போடுறீங்க.

பெங், உன்னோடதைச் சிவப்பாக்கு. … அமுக்கிப் பிடி. மூணு செகண்ட். … வந்துருச்சு. தள்ளிப் போ. இன்னும் தள்ளி, அந்த மரம் வரைக்கும். … ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு… பெங், அது வலது கை இல்லை.

… மாத்திட்டா. வெய்லின், அவ கையை மாத்திட்டா. அம்பது அடி தள்ளி நிக்கிறா. நான் என் காதுக்கே கேக்காத மாதிரி பேசினேன்.

… இன்னும் என்ன? … ஆமா, பாட்டு. பாட்டு மாத்தணும். என் போனை அந்தப் பெட்டியில செருகலாமா? வயர் இருக்கு, அட்டைக்குள்ள பிரிக்காம இருக்கு. … போன்ல எது ஓடினாலும் சிவப்புக்கெல்லாம் கேக்குமா? இரு, செருகிப் பாக்கிறேன். … ஏய், உன் குரல் என் ஹெட்போன்ல வருது. … பெங் அங்க இருந்து குதிக்கிறா, யாரோ ஒரு பொண்ணு என் காதுக்குள்ள பேசுதுன்னு. பெங், அதுதான் வெய்லின். வணக்கம் சொல்லு. … அவ வணக்கம் வெக்கிறா, ஆனா மரத்தைப் பாத்து வெக்கிறா.

… எனக்கா? எனக்கு என்ன பாட்டு பிடிக்குமா?

…

யாரும் கேட்டதில்லையேம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அண்ணன் வெச்ச ரேடியோ. அப்புறம் டப்பாவுல மீன் அடைக்கிற ஃபாக்டரி, அங்க மெஷின் சத்தம். அப்புறம் அந்தக் குதிரை. … யோசிக்கிறேன், இரு. அவசரப்படுத்தாத.

… வெய்லின், ஒண்ணு கேக்கிறேன், சிரிக்கக் கூடாது. நீ எடுக்கிறதுக்கு முன்னாடி நாலு நிமிஷம் என்னைக் காக்க வெச்சு ஒரு பாட்டு போட்டீங்களே. பேச்சு கிடையாது, புல்லாங்குழல் மாதிரி ஒண்ணு, பின்னாடி சின்னதா டொக் டொக்னு. திட்டணும்னு நல்ல நல்ல வார்த்தையா அடுக்கி வெச்சிருந்தேன், அதைக் கேட்டு அதுல பாதி மறந்துபோச்சு. அது என்ன பாட்டு?

… தெரியாதா? … யாரும் பொறுக்கலையா? … போன் மெஷின் வாங்கினப்பவே உள்ள இருந்துச்சா.

போச்சு போ. என் தலையெழுத்து எப்பவும் மெஷினோடதான் வருது.

… ஆமா. ஆமா, நிஜமாத்தான் சொல்றேன். என்னைக் காக்க வை. … கோவமெல்லாம் இல்லை. அதே பாட்டு வர்ற மாதிரி வை. நாலு நிமிஷம். … உங்க மேலாளர் திட்டுனா என்கிட்டக் குடு, நான் பேசிக்கிறேன்.

இரு, இரு, போயிடாத. இவளுககிட்ட முதல்ல பேசணும். … ஜியாங், ஹுவாங் அக்கா, எல்லாரும் இங்க வாங்க. அந்தப் பதினாலு பாட்டு செத்துப்போச்சு. குதிரையும் செத்துப்போச்சு. இனிமே முதல் அரைமணி நேரம் எல்லாரும் சிவப்பு, நான் எண்ணுவேன். அதுக்கப்புறம் அவளவ இஷ்டம், நீலத்துல தகரக் கடை கேளுங்க, பங்குச் சந்தை கேளுங்க, என்னைப் பத்திப் பேசுங்க. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். நாளைக்கு மட்டும் கமிட்டி பாத்துட்டுக் கிளம்புற வரைக்கும் எல்லாரும் சிவப்பு. … பிடிக்கலைன்னா சொல்லிடுங்கடி, இன்னொரு பதினோரு வருஷம் மனசுல வெச்சுட்டிருக்காதீங்க.

… பேசுறாளுக, வெய்லின். … பெங் ஜியாங்கோட காதுல கை வெக்கிறா. அமுக்குறா. ஜியாங் கத்துறா, முடி, முடின்னு. … சிவப்பு. … நாத்தனாருங்க ரெண்டும் சிவப்பு. … ரென் அந்தாளு பேசி முடிக்கட்டும்கிறா… இல்ல, அவளும் அமுக்கிட்டா. … ஹுவாங் அக்கா? … அக்கா, நான் கேக்கிறேன், எனக்காக அமுக்குங்க. … ம். சிவப்பு.

… ஆமா. பதினெட்டும்.

… என்ன? … அட, அதை மறந்தே போயிட்டேன். இல்ல. திருப்பி அனுப்பலை. எல்லாம் இங்கயே இருக்கட்டும். ஜியாங்குக்கு மட்டும் அந்த நாப்பத்தஞ்சு யுவான் ஒண்ணு தனியா அனுப்பு, அவ நீலத்துல நாடகப் பாட்டு கேக்கிறதுக்கு.

… ஏன்னு கேக்கிறியா? காரணம் கேக்கக் கூடாது.

சரி, வை. காக்க வை. …

… வருது. எல்லாருக்கும் கேக்குதா? … தலையை ஆட்டாதீங்க, கையைத் தூக்குங்க. நான் உங்களைப் பாத்தபடியே நிக்கிறேன் இன்னைக்கு. உங்க மூஞ்சியெல்லாம் இப்படித்தான் இருக்கா? … ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு… ரெண்டு… ரெண்டு… மூணு… நாலு… பெங், சரி. பெங், அதேதான்… மூணு… ரெண்டு… மூணு… இடது காலைத் தூக்கு…

… அலோ? … இப்ப எதுக்குடி வந்தே? நாலு நிமிஷம் அதுக்குள்ள ஆச்சா? பதினெட்டு பேர் ஒரு காலைத் தூக்கிட்டு நிக்கிறோம். போ. போயி எங்களைக் காக்க வை.